கணக்குப் பார்க்காத சாம்ராஜ்யம்

வேலியே பயிரை மேய்ந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். மேய்ந்த வேலிக்கு 'ஜில்லாவிலேயே சிறந்த வேலி' என்று மெடல் குத்தி, ப்ரமோஷன் கொடுத்து, 'நீ மற்ற வேலிகளுக்கு எல்லாம் பாடம் எடு' என்று உட்கார வைத்த கதை தெரியுமா? நிஜமாகவே நடந்திருக்கிறது. ஒரு சக்கரவர்த்தி ஆண்ட நாட்டில், நூறு வருஷங்களுக்குச் சற்று முன்னால். அந்த வேலியின் பெயர் கர்னல் ஆல்ஃபிரட் ரெட்ல்.

அப்போது ஆஸ்திரியா - ஹங்கேரி என்று ஒரு சாம்ராஜ்யம் இருந்தது. இன்றைய மேப்பில் தேடாதீர்கள், கிடைக்காது. ஆஸ்திரியா, ஹங்கேரி, செக், ஸ்லோவாகியா, குரோஷியா, போலந்தில் ஒரு துண்டு, உக்ரைனில் ஒரு துண்டு என்று பல ஊர்த் துணியை ஒட்டுப் போட்டுத் தைத்த சட்டை மாதிரி ஒரு நாடு. ஐந்து கோடி ஜனங்கள். டஜன் பாஷை. இத்தனைக்கும் பொதுவாக இருந்தவர் ஒரே ஒருவர்தான். சக்கரவர்த்தி ஃபிரான்ஸ் ஜோசப். 1848-ல் பதினெட்டு வயதில் சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர், 1916-ல் கண்ணை மூடும் வரை இறங்கவில்லை. அறுபத்தெட்டு வருஷம்!

இப்படிப்பட்ட ராஜ்யத்தில் ராணுவ அதிகாரி என்பவன் சும்மா சம்பளக்காரன் அல்ல. அவன் சக்கரவர்த்தியின் ஆள். விசுவாசப் பிரமாணம் எடுப்பது தேசத்துக்கு அல்ல, சக்கரவர்த்திக்கு. நடுத்தெருவில் அவன் யூனிஃபார்மைக் கண்டால் ஜனங்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். 'ஓர் ஆபீசர் பொய் சொல்வானா?' என்று கேட்பதே அபசாரம். இந்த ஒரு நம்பிக்கையை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

*

ரெட்ல் பிறந்தது 1864 மார்ச் 14-ல், லெம்பர்க் நகரத்தில். இன்று உக்ரைனில் லிவீவ் என்று அழைக்கிறார்களே, அதே ஊர். அப்பா ரயில்வே உத்தியோகஸ்தர். வீடு நிறையக் குழந்தைகள், கை நிறையப் பற்றாக்குறை. அந்த நாளில் ராணுவத்தில் உச்சிக்குப் போக வேண்டுமானால் பிரபு வம்சமாக இருப்பது உத்தமம். இல்லாவிட்டால் அசாத்திய மூளை இருக்க வேண்டும். ரெட்லுக்கு இரண்டாவது இருந்தது.

ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். படிப்படியாக ஏறினார். போட்டிப் பரீட்சை எழுதி, வடிகட்டி வடிகட்டி எடுக்கும் ஜெனரல் ஸ்டாஃப் என்ற மூளைக்காரர்கள் கூட்டத்துக்குள் நுழைந்தார். ரயில்வே குமாஸ்தா வீட்டுப் பையனுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. பிறந்த ஊரின் புண்ணியத்தில் ஜெர்மன், போலிஷ், உக்ரேனியன் எல்லாம் நாக்கில் இருந்தன. ராணுவமே செலவு செய்து அவரை ரஷ்யாவில் கஸான் நகரத்துக்கு அனுப்பி ரஷ்ய மொழியும் கற்றுக் கொடுத்தது.

திரும்பி வந்தவரை 1900-ல் எவிடென்ஸ் பீரோ என்ற இலாகாவில் போட்டார்கள். பெயரைப் பார்த்து ஏதோ பதிவாளர் ஆபீஸ் என்று நினைக்க வேண்டாம். 1850-ல் ஆரம்பித்த ராணுவ உளவுத் துறை அது. அதில் ரஷ்யா டெஸ்க். கொஞ்ச காலத்தில், வேவு பார்ப்பதையும், உள்நாட்டுக்குள் நுழைந்த அந்நிய ஒற்றர்களை மோப்பம் பிடிப்பதையும் கவனிக்கும் பிரிவுக்கே அவர் தலைவர் ஆகிவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் வேலையில் கில்லாடி. ப்ராக் நகரத்துப் பத்திரிகையாளர் எகான் எர்வின் கிஷ், ரெட்லின் ஆபீஸ் ரூமை வர்ணித்திருக்கிறார். நீங்கள் அவரைப் பார்க்கப் போகிறீர்கள். நாற்காலியில் உட்காருகிறீர்கள். உங்களுக்குத் தெரியாமலே ஒளித்து வைத்த காமிரா உங்களை நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்துவிடும். 'சிகரெட் எடுத்துக்குங்க' என்று பெட்டியை நீட்டுவார். பெட்டியின் மேல் கண்ணுக்குத் தெரியாத பொடி பூசியிருக்கும். உங்கள் கைரேகை அதில். சிகரெட் வேண்டாம் என்கிற நல்ல பிள்ளையா? மிட்டாய் டப்பா இருக்கிறது. அதிலும் அதே பொடி. நீங்கள் பேசுவதை எல்லாம் அடுத்த அறையில் கிராமபோன் தட்டில் பதிவு செய்துகொண்டிருப்பார்கள். டேப் ரிக்கார்டர் புழக்கத்துக்கு வராத காலத்தில் இத்தனை ஜாலம்!

பல ஒற்றர் வழக்குகளில் கோர்ட்டுக்குப் போய் நிபுணராகச் சாட்சி சொன்னார். அவரிடம் தொழில் கற்ற இளம் அதிகாரிகளில் ஒருவர் மாக்ஸிமிலியன் ரோங்கே. இந்தப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். சிஷ்யப் பிள்ளை பின்னால் வருவார்.

*

இதே காலத்தில்தான் கர்னல் இன்னொரு கணக்கும் ஆரம்பித்தார். வரவுக் கணக்கு. கொடுத்தது ரஷ்யா.

ராணுவத்தின் ரகசிய ஏற்பாடுகள், யுத்தம் வந்தால் எந்தப் படை எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறி எங்கே இறங்கும் என்கிற அணிவகுப்புத் திட்டம், கோட்டை விவரங்கள்... ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து அனுப்பினார். பதிலுக்கு ரூபிள் மதிப்பில் கொழுத்த கவர்கள் க்ரோன் நோட்டுகளாக வந்தன. ரஷ்யர்களின் உளவாளியைப் பிடிக்க வேண்டிய இலாகாவின் மூளையே ரஷ்யர்களின் உளவாளி! அவரைப் பற்றி யாராவது புகார் எழுதிப் போட்டிருந்தாலும், அந்தப் புகார் எந்த மேஜைக்கு வந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

ஏன் இப்படிச் செய்தார்? இதற்கு இரண்டு கட்சிகள் உண்டு.

முதல் கட்சி பிரபலமானது. ரெட்லுக்கு ஆண்கள் மேல்தான் நாட்டம். அந்த நாட்டில் அது அன்றைக்குக் கிரிமினல் குற்றம். வெளியே தெரிந்தால் உத்தியோகம், மானம் இரண்டும் போச்சு. ரஷ்யர்கள் இதைக் கண்டுபிடித்து மிரட்டினார்கள், பாவம், மாட்டிக்கொண்டார் என்பது இவர்கள் வாதம். நாடகக்காரர்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும் இந்தக் கட்சிதான் பிடிக்கும். ஜான் ஆஸ்பர்ன் 1965-ல் லண்டனில் போட்ட நாடகத்துக்கும் இதுதான் விஷயம். அன்றைய பிரிட்டிஷ் நாடகத் தணிக்கை அதிகாரி அனுமதி தரவில்லை. தியேட்டரையே 'மெம்பர்களுக்கு மட்டும்' என்று கிளப்பாக மாற்றிப் போட்டுக் காட்டினார்கள்.

இரண்டாவது கட்சி, பிற்கால ஆராய்ச்சியாளர்கள் பலருடையது. மிரட்டலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, பணம்தான் என்கிறார்கள். அவராகவே போய்க் கடையை விரித்திருக்கலாம் என்றுகூடச் சொல்கிறார்கள்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இரண்டாவது கட்சிதான் சரியாகப் படுகிறது. காரணம், செலவுப் பக்கம். கர்னலிடம் டெய்ம்லர் கார் இருந்தது. 1910-களில் சொந்தக் கார் என்பது பிரபுக்களின் சமாசாரம். தன் 'மருமான்' என்று சொல்லிக்கொண்டு ஓர் இளம் லெப்டினன்டுக்கும் தாராளமாகச் செலவு செய்தார். வீடு நிறைய விலை உயர்ந்த சாமான்கள், வாசனைத் திரவியங்கள். கூட இருந்த ஆபீசர்கள் பார்த்தார்கள். 'ரெட்லுக்கு யாரோ சொந்தக்காரர் சொத்து வந்திருக்கிறதாம்' என்று சொல்லிவிட்டு அவர் வாங்கிக் கொடுத்த ஒயினைக் குடித்தார்கள். எந்தச் சொந்தக்காரர், எந்த ஊரில் சொத்து, உயில் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆடிட்டிங் பேப்பரில் முதல் அத்தியாயத்திலேயே ஒரு பாடம் வரும். ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே ஆளிடம் விடக் கூடாது. பணம் வாங்குகிறவன் ஒருத்தன், ரசீது போடுகிறவன் ஒருத்தன், பேரேட்டில் எழுதுகிறவன் ஒருத்தன். ஒருத்தன் வேலையை இன்னொருத்தன் வேலை தானாகவே சரி பார்த்துவிடும். பெட்டிக்கடை அண்ணாச்சிகூடக் கல்லாவில் மச்சானை உட்கார வைத்தால், சாயங்காலம் தானே ஒரு தடவை எண்ணிப் பார்ப்பார். ஐந்து கோடிப் பேரின் பாதுகாப்பில் அந்த ஏற்பாடு இல்லை. எல்லோரையும் சந்தேகிப்பதற்கு என்றே ஓர் ஆளை நியமித்தார்கள். அந்த ஆளைச் சந்தேகிக்க ஆள் போட மறந்தார்கள்.

*

1912-ல் ரெட்லின் பழைய மேலதிகாரி ஜெனரல் கீஸ்ல் ப்ராக் நகரத்தில் எட்டாவது படைப்பிரிவுக்குத் தளபதியாகப் போயிருந்தார். நம்பிக்கையான ஆள் வேண்டாமா? ரெட்லைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கர்னல் ரெட்ல், எட்டாவது படைப்பிரிவின் தலைமை ஸ்டாஃப் அதிகாரி! அங்கே அலமாரியில் இருந்தவை எல்லாம் சுடச்சுட யுத்தத் திட்டங்கள். பூனையை எடுத்துக்கொண்டு போய்ப் பால் பண்ணைக்குள்ளேயே விட்டாயிற்று.

ஆனால் மாட்டினது எப்படி? அதுதான் வேடிக்கை. பெரிய துப்பறியும் சாகசம் எதுவும் இல்லை. டெலிவரி ஆகாத ஒரு தபால்!

வியன்னா மெயின் போஸ்ட் ஆபீசுக்கு 'நிகோன் நிஸெட்டாஸ்' என்ற பெயருக்கு ஒரு கவர் வந்திருந்தது. வீட்டு விலாசம் கிடையாது. ஆள் வந்து கவுன்ட்டரில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய ரகம். கர்னல் ப்ராக்கில் பிஸி, வாங்க வரவில்லை. கெடு முடிந்தது. போஸ்ட் ஆபீஸ்காரர்கள் சட்டப்படி கவரைத் திருப்பி அனுப்பினார்கள். கவரின் மேல் குத்தியிருந்த முத்திரை எய்ட்குனென் என்ற ஊருடையது. அது ஜெர்மனிக்குள், ரஷ்ய எல்லையை ஒட்டிய சின்ன ஊர். ஆகவே கவர் ஜெர்மனிக்குப் போய், அனுப்பியவர் விலாசம் இல்லாததால் பெர்லினில் பிரிக்கப்பட்டது. உள்ளே 6000 க்ரோன் பணம்! கூடவே சில விலாசங்கள். அவை ஒற்றர்கள் கடிதம் போட்டுக்கொள்ளும் இடங்கள் என்பது ஜெர்மன் உளவுத் துறைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அவ்வளவு பணத்தை யாராவது ரிஜிஸ்டர்கூடச் செய்யாமல் சாதாரணத் தபாலில் போடுவார்களா? ஜெர்மன்காரர்களுக்கு மூக்கில் வியர்த்தது. வியன்னாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வியன்னாவில் இப்போது ரெட்லின் நாற்காலியில் யார்? நம் சிஷ்யப் பிள்ளை ரோங்கே!

குருநாதர் கற்றுக் கொடுத்த வித்தையைச் சிஷ்யர் எடுத்தார். கவரைத் திரும்பப் போஸ்ட் ஆபீசில் வைத்தார்கள். கவுன்ட்டருக்கு அடியில் ஒரு பட்டன். அழுத்தினால் பக்கத்திலேயே போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் மணி அடிக்கும். யார் நிஸெட்டாஸ் கடிதம் கேட்டு வந்தாலும் குமாஸ்தா பட்டனை அழுத்த வேண்டும். வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். இதற்குள் அதே பெயருக்கு இன்னும் கடிதங்கள் வந்து சேர்ந்தன. மணி மட்டும் அடிக்கவில்லை.

1913 மே 24, சனிக்கிழமை. சாயங்காலம் கவுன்ட்டர் மூடுகிற நேரம். மணி அடித்தது!

அடித்த நேரத்தில் ஒரு டிடெக்டிவ் கை கழுவப் போயிருந்தார் என்று ஒரு கதை உண்டு. அரசாங்க ஆபீஸ் எந்த நாட்டில் இருந்தால் என்ன? அவர்கள் விழுந்தடித்து ஓடி வருவதற்குள் ஆள் டாக்ஸியில் ஏறிப் போயே போய்விட்டார். தெருவில் நின்று கையைப் பிசைந்தார்கள். அப்புறம் அதிர்ஷ்டம் திரும்பியது. அந்த டாக்ஸி மறுபடியும் கிடைத்தது. 'எங்கே இறக்கினாய்?' 'காஃபே கைஸர்ஹோஃப்.' அங்கே விசாரித்தால், அங்கிருந்து வேறு வண்டியில் ஹோட்டல் க்ளோம்ஸர். டாக்ஸியின் ஸீட்டில் ஒரு பொருள் கிடந்தது. பேனாக்கத்தி வைக்கும் சின்ன உறை.

ஹோட்டலுக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்துக்குள் யார் யார் வந்தார்கள் என்று போர்ட்டரிடம் கேட்டார்கள். அவன் சொன்ன பெயர்களில் ஒன்று, ப்ராக்கிலிருந்து வந்திருக்கும் கர்னல் ரெட்ல். போலீஸ்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்ம ரெட்லா? ஒற்றர் பிடிக்கும் ரெட்லா? அவர் எதற்கு... ஒருவேளை அவரும் அதே ஒற்றனைத் துரத்திக்கொண்டு வந்தாரோ?

சந்தேகத்துக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். உறையைப் போர்ட்டரிடம் கொடுத்து, இறங்கி வருகிறவர்களிடம் 'இது உங்களுடையதா?' என்று கேட்கச் சொன்னார்கள். கர்னல் மாடிப்படி இறங்கி வந்தார். போர்ட்டர் கேட்டான். 'ஆமாம், என்னுடையதுதான்' என்று கையை நீட்டி வாங்கினார். வாங்கின கை நடுவிலேயே நின்றுவிட்டது. கடைசியாக அந்த உறையிலிருந்து கத்தியை எடுத்தது எங்கே? டாக்ஸியில், கவர்களைப் பிரிக்க! ஆயிரம் பேருக்குப் பொறி வைத்தவருக்கு, தான் நிற்பது பொறிக்குள் என்று தெரிய ஒரு விநாடிதான் ஆகியிருக்கும்.

இன்னொரு சோதனையும் நடந்தது. போஸ்ட் ஆபீஸ் சீட்டில் நிஸெட்டாஸ் எழுதிக் கொடுத்த கையெழுத்தை ரெட்லின் கையெழுத்தோடு ஒப்பிட்டார்கள். எதோடு ஒப்பிட்டார்கள் தெரியுமா? ஒற்றர்களைப் பிடிப்பது எப்படி என்று ரெட்லே தன் கைப்பட எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்புகளோடு என்று சொல்வார்கள். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது.

*

அன்றிரவு ரெட்ல், பல ஒற்றர் வழக்குகளில் தன்னோடு வேலை செய்த அரசாங்க வழக்கறிஞர் போலக்குடன் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பாடு இறங்கவில்லை. ஏதேதோ பேசினார். மனசு சரியில்லை என்றார், தப்புப் பண்ணிவிட்டேன் என்றார், எப்படியாவது போலீஸில் பேசித் தன்னை ப்ராக்குக்கு அனுப்ப ஏற்பாடு செய்யச் சொன்னார். போலக்கும் நண்பருக்கு என்னவோ சித்தப்பிரமை என்று நினைத்துப் போலீஸுக்குப் போன் செய்தார். பாவம், நல்ல மனுஷர்.

அதே இரவில், கிராண்ட் ஹோட்டலில் ராணுவத் தலைமைத் தளபதி கான்ராட் ஃபான் ஹாட்ஸென்டார்ஃப் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் காதில் போட்டார்கள். முகம் வெளுத்துவிட்டது. அந்தச் சில நிமிஷங்களில் அவர் எடுத்த முடிவுதான் ரெட்ல் செய்ததைவிடப் பெரிய தப்பு என்று நான் நினைக்கிறேன்.

கைது செய்திருக்கலாம். வாரக்கணக்கில் உட்கார வைத்து, 'எதை விற்றாய்? யாருக்கு? எந்தத் தேதியில்? உனக்கு ஒத்தாசை யார்?' என்று வரிசையாகக் கேட்டிருக்கலாம். விற்ற சரக்குக்கு ஒரு லிஸ்ட்டாவது கிடைத்திருக்கும். கான்ராட் வேறு விதமாகக் கணக்குப் போட்டார். விசாரணை என்றால் வெளியே தெரியும். தெரிந்தால் சக்கரவர்த்தியின் ராணுவத்துக்கு அசிங்கம். விடிவதற்குள் விஷயம் முடிய வேண்டும்.

நடு ராத்திரியில் நான்கு ஆபீசர்கள் க்ளோம்ஸர் ஹோட்டல் அறைக் கதவைத் தட்டினார்கள். அதில் ரோங்கே ஒருவர். ரெட்ல் எழுந்து நின்றார். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும் என்றார். கேட்ட சில கேள்விகளுக்கு, எல்லாம் ப்ராக்கில் என் வீட்டில் இருக்கிறது என்பதற்கு மேல் பெரிதாகப் பதில் இல்லை. பேட்டி சுருக்கமாகவே முடிந்தது. ஒரு ப்ரௌனிங் கைத்துப்பாக்கியை அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். தெருவில் காத்திருந்தார்கள். மே மாத இரவு. மாறி மாறி நடந்தார்கள், காப்பி குடித்தார்கள். விடிந்த பிறகு ஓர் ஆளை மேலே அனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள். கண்ணாடி முன்னால் கர்னல் விழுந்து கிடந்தார். வயது 49. தன் புத்திகெட்ட போக்கும் ஆசையும் தன்னை அழித்துவிட்டதாகவும், தனக்காகப் பிரார்த்திக்கும்படியும் நாலு வரி எழுதி வைத்திருந்தார்.

அரசாங்கச் செய்தி எப்படி வந்தது என்கிறீர்கள்? மிகத் திறமையான, பிரகாசமான எதிர்காலம் உள்ள அதிகாரி, வேலைப் பளுவாலும் தூக்கமின்மையாலும் புத்தி பேதலித்துத் தற்கொலை செய்துகொண்டார் என்று! பத்திரிகைகளும் அப்படியே போட்டன. ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்வார்கள் என்றுகூட ஜனங்கள் எதிர்பார்த்தார்கள்.

*

பூட்டிய ரகசியத்தை உடைத்தது யார் தெரியுமா? ஒரு பூட்டுத் தொழிலாளி!

முன்னால் சொன்னேனே, கிஷ் என்ற பத்திரிகையாளர், அவர் சொன்ன கதை இது. கிஷ்ஷுக்கு ப்ராக்கில் ஒரு ஃபுட்பால் டீம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மேட்ச். முக்கியமான ஆட்டக்காரர் ஒருவர் வரவில்லை. டீம் தோற்றுவிட்டது. மறுநாள் வந்து தலையைச் சொறிந்தவரை கிஷ் பிடித்துக்கொண்டார். அவர் தொழில் பூட்டு வேலை. 'திடீரென்று ராணுவத்தார் கூப்பிட்டார்கள். ஒரு பெரிய ஆபீசர் வீட்டுப் பூட்டை எல்லாம் உடைக்கச் சொன்னார்கள். உள்ளே கட்டுக்கட்டாகக் காகிதம், ரஷ்ய எழுத்து. பார்த்த பெரிய அதிகாரிகள் எல்லாம் தலையில் கையை வைத்துக்கொண்டார்கள்' என்றாராம். இறந்துபோன ஆபீசர், ப்ராக், ரஷ்யக் காகிதம்... கிஷ் இரண்டையும் இரண்டையும் கூட்டினார்.

ஆனால் அச்சடித்தால் சென்ஸார் பேப்பரைப் பறிமுதல் செய்துவிடுவானே! இங்கேதான் கிஷ் மூளை. அவர் வேலை பார்த்த 'போஹீமியா' பத்திரிகையில் செய்தியாகப் போடவில்லை. மறுப்பாகப் போட்டார்! ரெட்ல் ரஷ்யாவுக்கு ராணுவ ரகசியங்களை விற்றார் என்று உலவும் வதந்தியை மறுக்கும்படி மேலிடத்திலிருந்து கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கிறோம் என்கிற ரீதியில். அதுவரை வதந்தியே கிடையாது. மறுப்பைப் படித்துத்தான் ஊருக்கே வதந்தி தெரிந்தது! ஃபுட்பால் கதையில் கிஷ் கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கிறார், மேட்ச் விவரம் உதைக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். மறுப்பு வந்தது நிஜம். சில நாட்களிலேயே அரசாங்கம் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டி வந்ததும் நிஜம்.

வெடித்தது. பார்லிமென்டில் கூச்சல். பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் ருத்ர தாண்டவம் ஆடினார். அவர் பக்தியான கத்தோலிக்கர். ஒரு மனிதன் கையில் துப்பாக்கியைக் கொடுத்துத் தற்கொலைக்குத் தூண்டுவது மகா பாவம் என்பது ஒரு கோபம். விவரம் கறப்பதற்கு முன்னால் ஆளைத் தீர்த்துக் கட்டின முட்டாள்தனம் இன்னொரு கோபம். எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக் தன் சுயசரிதையில் இந்த ரெட்ல் தனக்கு லேசாக அறிமுகமானவர் என்றும், விஷயம் வெளியானபோது ஊரே நடுங்கியது என்றும் எழுதியிருக்கிறார். உளவுத் துறைத் தலைவர் உர்பான்ஸ்கி 1914-ல் அந்தப் பதவியில் இல்லை.

அந்த 1914-ல்தான் இளவரசரை சரயேவோவில் சுட்டார்கள், முதல் உலக யுத்தம் மூண்டது என்பது நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது. ரஷ்யாவோடு மோதின முதல் சில வாரங்களிலேயே ஆஸ்திரிய ராணுவம் லட்சக்கணக்கில் ஆட்களை இழந்தது. செப்டம்பர் ஆரம்பத்தில் ரஷ்யர்கள் பிடித்த ஊர் எது தெரியுமா? லெம்பர்க். ரெட்ல் பிறந்த ஊர். 1915 மார்ச்சில் ப்ஷெமிஷ்ல் கோட்டை விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள்.

இத்தனைக்கும் ரெட்ல்தான் காரணமா? 'ஆமாம்' என்று சொல்வது சுலபம். யுத்தத்துக்கு அப்புறம் தோற்ற தளபதிகளுக்கு அது ரொம்ப சௌகரியமாகவும் இருந்தது. செத்தவன் எதிர்த்துப் பேச மாட்டானே! ஆனால் விற்றது தெரிந்த பிறகு திட்டங்களை மாற்ற ஒரு வருஷத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. படைகள் ரயிலிலிருந்து இறங்கும் இடங்களை எல்லையிலிருந்து பின்னுக்குத் தள்ளவும் செய்தார்கள். தோல்விக்கு கான்ராட்டின் சொந்தக் குளறுபடிகளும் நிறைய என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். எவ்வளவு நஷ்டம் ரெட்லின் பற்றில், எவ்வளவு கான்ராட்டின் பற்றில் என்று பிரித்து எழுத இனிமேல் வழி கிடையாது. எழுதக் கூடிய ஒரே ஆளின் கையில் பேனாவுக்குப் பதில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள்.

இந்தக் கதையை இஷ்ட்வான் ஸாபோ 1985-ல் 'கர்னல் ரெட்ல்' என்று சினிமாவாக எடுத்தார். அவர் சரித்திரத்தோடு ரொம்பச் சுதந்திரம் எடுத்துக்கொண்டார். ஆனால் அதில் நடித்த க்ளாஸ் மரியா பிரண்டாவரின் முகத்தைப் பார்த்தால், சின்ன வீட்டிலிருந்து பெரிய மாளிகைக்கு ஏறி வந்தவனின் பயம் என்னவென்று தெரியும். கிடைத்தால் பாருங்கள்.

சிஷ்யர் ரோங்கே என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1917-ல் அதே இலாகாவுக்குத் தலைவரானார். அதற்கு அடுத்த வருஷம் சாம்ராஜ்யமே இல்லை. 1918 நவம்பரில் சட்டையின் ஒட்டுக்கள் எல்லாம் பிரிந்து தனித்தனி நாடுகள் ஆகிவிட்டன.

ரெட்லைப் பற்றிப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு அவரைவிட அவர் சகாக்கள் மேல்தான் கவனம் போகிறது. டெய்ம்லர் காரைப் பார்த்தவர்கள். ஒயினைக் குடித்தவர்கள். அவர்கள் யாரும் துரோகிகள் அல்ல, நல்லவர்கள். ஒரு கனவானிடம் 'உனக்கு ஏது இவ்வளவு பணம்?' என்று கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தார்கள். அன்றைக்கு ஒரே ஒருத்தர் கொஞ்சம் மரியாதை இல்லாமல் நடந்துகொண்டிருந்தால் போதும்.

நம் சங்கத்தில், சொசைட்டியில், கோயில் கமிட்டியில் வருஷாந்திரக் கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து, 'அந்த ரசீதைக் கொஞ்சம் காட்டுங்க சார்' என்பார். 'என்னய்யா, எங்க மேலயே சந்தேகமா?' என்று மேடையிலிருந்து கோபம் வரும். கூட்டமும் அந்த ஆளை முறைக்கும். அடுத்த தடவை நாமாவது முறைக்காமல் இருப்போம். ரசீது சரியாக இருந்தால் மேடையில் இருப்பவருக்குத்தான் நல்லது.